தொழுவத்தில் எடுக்கும் முடிவுகள்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நிதி வைத்தவர்கள் மருத்துவக் குடும்பத்தினர் அல்லர். கறவை மாடு வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த விவசாயக் குடும்பம். அவர்கள் முன்னால் நின்று துறையின் பெருமைகளை அடுக்குவதைவிட, மாட்டுக்காரருக்கும் மருத்துவருக்கும் நடுவே கட்டுத்தரையில் என்ன நடக்கிறது என்று சொல்வதுதான் முறை. என் பணிக்காலம் கொங்குப் பகுதியிலும் தருமபுரிப் பக்கத்திலும் அரசுக் கால்நடை மருந்தகங்களில் கழிந்தது. பெரும்பாலும் அங்கே கண்டவற்றைத்தான் பேசப்போகிறேன்.

கால்நடை மருத்துவரின் கஷ்டம் என்ன என்று யாரைக் கேட்டாலும், நோயாளி வாய்திறந்து சொல்லாதே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்க்கத் தெரிந்தவருக்கு மாடு நிறையச் சொல்லும். அசைபோடுகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, சாணி என்ன பதத்தில் விழுகிறது, காது குளிர்ந்திருக்கிறதா, இடப்பக்க விலாக்குழியில் முட்டியை அழுத்திவைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு மூன்று முறை வயிறு எழும்பி அடங்குகிறதா என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். மீதியைச் சொல்வதற்கு மாட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. மனிதருக்கு வைத்தியம் பார்க்கும்போது, பெரும்பாலும் வலிப்பவரும் முடிவெடுப்பவரும் பணம் கட்டுபவரும் ஒருவரே, அல்லது ஒரே குடும்பம். எங்கள் தொழிலில் இவை பிரிந்து கிடக்கின்றன. வலி மாட்டுக்கு. செலவும் முடிவும் வளர்ப்பவருக்கு. அந்த மாட்டின் பாலைக் குடிக்கப்போகிறவர் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறார். மாட்டையும் பார்த்ததில்லை, மருத்துவரையும் பார்த்ததில்லை. மூன்று பேருக்கும் நன்மை ஒன்றாக இருக்கிற நாளில் எங்கள் வேலை எளிது. அவை ஒன்றோடொன்று மோதுகிற நாளில், தொழுவத்தில் தனியாக நின்றுகொண்டு, நம்மை நம்பி அழைத்தவரிடமே ‘கூடாது’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் ஆகக் கனமான பகுதி இதுதான் என்பது என் முடிவு. அப்படிச் சொல்ல வேண்டியவருக்கு அரசும் சமூகமும் என்ன துணை வைத்திருக்கின்றன என்ற கேள்வியோடுதான் இங்கே வந்திருக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மாலை நேரம், தோட்டத்து வீட்டிலிருந்து அழைப்பு. கலப்பினக் கறவை மாடு. வீட்டுக்காரர் வயதான அம்மாள். “டாக்டருங்க, மாங்கொட்டை தொண்டையில சிக்கிக்கிச்சாட்ட இருக்குது. காலையில இருந்து எச்சி ஒழுகீட்டே கெடக்குது. தண்ணி காட்டுனா முழுங்க மாட்டேங்குது” என்றார். மகன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டின் வாய்க்குள் கைவிட்டுத் தேடிப் பார்த்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரரும் பார்த்திருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. இனி டாக்டர் கைவிட்டு எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் நிற்கிறார்கள்.

நான் நான்கைந்து எட்டுத் தள்ளி நின்று மாட்டைப் பார்த்தேன். அது கத்தியது. அந்தக் குரல் மாட்டின் குரலாக இல்லை. உடைந்து, கரகரத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்தது. வாலைத் தூக்கிக்கொண்டு முக்கி முக்கி நின்றது, சாணி விழவில்லை. பின்னங்கால் லேசாகத் தள்ளாடியது. “ஆத்தா, ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள நாய் ஏதாச்சும் இந்தப் பக்கம் வந்து கடிச்சுதா?” என்று கேட்டேன். அந்த அம்மாள் யோசித்தார். மகன்தான் சொன்னார்: “ஒரு செவலை நாய் பட்டிக்குள்ள பூந்து ஆட்டுக்குட்டியக் கொதறுச்சுங்க. மாட்டக் கடிச்சுதான்னு பாக்கலீங்க.”

வெறிநோய் கண்ட மாடு, தொண்டையில் ஏதோ சிக்கிய மாட்டைப் போலத்தான் நிற்கும். விழுங்கும் தசைகள் செயலிழப்பதால் எச்சில் ஒழுகுகிறது. அந்த எச்சிலில்தான் வைரஸ் இருக்கிறது. இந்தத் தோற்றத்தில் ஏமாந்து வாய்க்குள் கைவிட்ட கால்நடை மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் மாட்டில் நோயை உறுதிசெய்ய மருந்தகத்தில் வழி கிடையாது; செத்தபின் மூளைத் திசுவைச் சோதித்துத்தான் உறுதியாகச் சொல்லலாம். ஆகவே கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் வைத்துக்கொண்டு பேச வேண்டியிருந்தது. கைவிட்டவர்கள் இருவரும் உடனே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும். மாட்டை ஒதுக்குப்புறமாகக் கட்ட வேண்டும். கன்றைப் பிரிக்க வேண்டும். பாலைப் பீச்சவும் கூடாது, விற்கவும் கூடாது. மருந்து இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன்.

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நாளைக்குச் சந்தைக்கு ஓட்டி உட்டறட்டுங்களா கண்ணு? கெடைக்கறது கெடைக்கட்டும்” என்றார்.

“கூடாதுங்க ஆத்தா. வாங்கீட்டுப் போறவங்க வீட்டுலயும் கைப்புள்ளைங்க இருக்கும்.”

“பேங்குல கடன் வாங்கிப் புடிச்ச மாடுங்க. அறுபதாயிரம். அத யாரு கட்டறது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அரசிடமும் அன்றைக்கு இல்லை. நோயைக் கண்டுபிடிக்கக் கல்லூரி சொல்லிக்கொடுத்தது. கண்டுபிடித்ததைச் சொன்னபின் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை. மாடு நாலாம் நாள் இறந்தது. மகனும் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் ஊசி முழுவதையும் போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு மாடு இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

அடைப்பான் நோய்க்கு வருகிறேன். கூட்டத்தில் விவசாயிகள் இருப்பதால் விளக்கம் தேவையிருக்காது. காலையில் மேய்ந்த ஆடு மதியம் செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பு ரத்தம் கசியும், உறையாது. உடல் விறைக்காது, சீக்கிரம் உப்பிவிடும். இதை உண்டாக்கும் பாசில்லஸ் கிருமி, உடலுக்குள் மூடிக் கிடக்கும்வரை அழுகலோடு சேர்ந்து அழிந்துபோகக் கூடியது. உடலை அறுத்துத் திறந்தால் காற்றுப் பட்டதும் வித்துகளாக மாறிக்கொள்ளும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். 1876இல் ராபர்ட் கோக் இந்த வித்துகளின் கதையைத்தான் கண்டுசொன்னார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதே இந்த மாட்டு நோயை வைத்துத்தான்.

ஆகவே விதி தெளிவானது. சந்தேகம் இருந்தால் உடலை அறுக்கக் கூடாது. காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உறுதியானால் ஆறடிக் குழி, சுண்ணாம்பு, புதைப்பு. சுற்றியுள்ள மந்தைகளுக்குத் தடுப்பூசி. அந்தத் தடுப்பூசியை 1932 முதல் இயங்கிவரும் ராணிப்பேட்டை நிறுவனம் தயாரித்துத் தருகிறது. துறைக்கு அது பெரிய பலம்.

விதி தெளிவாக இருக்கிறது, களம் அப்படி இருப்பதில்லை. நாம் போய்ச் சேரும்போது ஆடு பாதி உரிக்கப்பட்டிருக்கும். பத்துக் குடும்பம் பங்குக்காகக் காத்திருக்கும். ஆட்டுக்காரருக்கு ஆடும் போய், கறிக்காசும் போகும். “நல்லா வேக வெச்சாச் செத்துராதுங்களா சார்?” என்பார்கள். உரிக்கிறவரின் கைக்கீறல் வழியாகவும் அது ஏறும் என்று சொன்னால், இவ்வளவு காலமாக உரிக்கிறோமே என்பார்கள். இன்னொரு பக்கம், காப்பீடு செய்த மாடாக இருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். அறுக்காத அறிக்கையை ஏற்க முடியாது என்று காப்பீட்டுக்காரரும், அறுக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த அறிக்கை என்று நாமும் காகிதத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ரத்தப்பூச்சுச் சோதனையை முழுச் சான்றாக ஏற்றுக்கொண்டால் முடிந்தது. ஒரு மருத்துவர் விதியைக் காப்பாற்றியதற்காக மாட்டுக்காரர் காப்பீட்டை இழப்பது எந்த நியாயத்திலும் சேராது.

நோய்க்கு அஞ்சி மட்டும் ‘கூடாது’ என்பதில்லை. அன்புக்கு எதிராகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எந்தக் கால்நடை மருந்தகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கொம்புக்கு வர்ணம் பூசி, மாலையோடு, கண் குழிவிழுந்து, கால் தள்ளாடி மாடுகள் வரும். குடும்பமே ஆளுக்கொரு கவளமாகப் பொங்கலும் வாழைப்பழமும் வெல்லமும் ஊட்டியிருக்கும். மாட்டின் முதல் வயிறு புல்லையும் வைக்கோலையும் மெல்லச் செரிப்பதற்கு அமைந்தது. திடீரென்று அவ்வளவு மாவுச்சத்து இறங்கினால் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. வயிறு புளிக்கிறது, உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுபடுகிறது, விலாவைத் தட்டினால் தளும்பும் ஓசை கேட்கிறது. சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டி, பாட்டில் பாட்டிலாக நரம்பில் மருந்து ஏற்றிச் சிலவற்றைக் காப்பாற்றலாம். கல்யாண வீட்டு மிச்சச் சோற்றைப் போட்டும் இதே கதை நடக்கும். பண்டிகைக்கு முதல் வாரமே வீடு வீடாகச் சொன்னால், ஒரு பிடி மட்டும் கொடுத்துக் கும்பிட்டுக்கொள்கிறோம் என்று கேட்டுக்கொள்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒரு மருத்துவருக்கு எத்தனை வீடு?

இங்கே எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். 2019இல் நடந்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகள், 99 லட்சம் வெள்ளாடுகள், 45 லட்சம் செம்மறிகள், 12 கோடிக்கு மேல் கோழிகள். ஐயாயிரம் கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976இலேயே சொல்லிவிட்டது. களத்தில் ஒரு உதவி மருத்துவர் தன் மருந்தகத்தோடு பக்கத்து மருந்தகத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். சினை ஊசி, தடுப்பூசி முகாம், காதுவில்லை மாட்டல், இணையப் பதிவு, நலத்திட்ட ஆடுகளைத் தேர்வுசெய்ய சந்தைக்குப் போவது, ஜல்லிக்கட்டு நடக்கும் ஊரில் காளைகளைச் சோதிப்பது, எல்லாம் முடிந்து மீதமிருக்கும் நேரத்தில்தான் வைத்தியம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வருகிறது. அது வந்தபின் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் அவசரத்துக்கு வரும் ஊர்தியால் பண்டிகைக்கு முன்பு வீடு வீடாகப் போய்ப் பேச முடியாது.

மருத்துவர் வராத இடைவெளியில் வேறொருவர் வந்துவிடுகிறார். இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம் 1984இல் வந்தது. பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம் என்பது சட்டம். ஊரில் சைக்கிளிலோ பைக்கிலோ பையோடு வருகிறவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவர் கெட்டவரும் அல்லர்; ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார், கடன் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். ஆனால் ஒரு ஆன்டிபயாடிக்கை அரை அளவு போட்டுவிட்டுப் போவார். நிறைசினை மாட்டுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கன்று வீசிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. காய்ச்சல் உடனே இறங்கும், மாடு அன்றைக்கு எழுந்து நிற்கும், அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். மறுநாள் ஊசி வேண்டாம், இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்கிற பட்டதாரி, ஊசிகூடப் போடாத டாக்டர் ஆகிவிடுவார்.

மடிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு காம்பில் ஒன்று வீங்கிச் சூடாகிக் கட்டிகட்டியாகப் பால் வருகிறது. மருந்து கொடுக்கிறோம். மருந்து உடலிலிருந்து முழுவதும் வெளியேறும்வரை, மருந்தைப் பொறுத்துச் சில நாட்கள், அந்த மாட்டின் எந்தக் காம்பின் பாலையும் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. காய்ச்சினாலும் பல ஆன்டிபயாடிக்குகள் அழிவதில்லை. ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் கறக்கிற மாடென்றால், ஐந்து நாள் கீழே ஊற்றச் சொல்வது ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவை ஊற்றச் சொல்வது. எத்தனை பேர் கேட்பார்கள்? கேட்கிறவர்களுக்கு நாம் என்ன தருகிறோம்? நகரத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு மருந்து வேலைசெய்யாமல் போகும்போது அதற்கான காரணங்களில் ஒன்று இங்கே, இந்தப் பால் குடத்தில் தொடங்குகிறது. தீவன உற்பத்தியிலும் கோழிப்பண்ணைகளிலும் பழகிப்போயிருந்த கொலிஸ்டின் மருந்தை 2019இல் மத்திய அரசு கால்நடைகளுக்குத் தடைசெய்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் எஞ்சியிருக்கும் மருந்துகளில் ஒன்று அது. தடைகள் தேவை. அதைவிட, தொடக்கநிலை மடிநோய்க்கு நம் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னெடுத்த சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்புப் பூச்சு போன்ற மரபுவழி மருத்துவம் எனக்கு நம்பிக்கை தருகிறது. அதில் பாலைக் கீழே ஊற்ற வேண்டியதில்லை. மாட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லும்போது, கூடவே இதைச் செய் என்று சொல்ல ஒன்று கையில் இருக்கிறது. எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு ஊசி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டைக்ளோஃபெனாக் ஒன்றே போதும். மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் மலிவாகக் கிடைத்த மருந்து. போட்ட மாடு இறந்தால், அதன் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை நிறுவியது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயிருந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015இல் குப்பியின் அளவையே மூன்று மில்லி லிட்டராகக் குறைத்தார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023இல் தடைப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகம் பறவைகளுக்கு ஆபத்தில்லாத மாற்று. இன்றைக்கு நம் மாநிலத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டித்தான் பாறுகளைப் பார்க்க முடிகிறது. பாறுகள் போனபின் செத்த மாடுகளைத் தெருநாய்கள் தின்றன, நாய்கள் பெருகின என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நான் முதலில் சொன்ன தோட்டத்து வீட்டுப் பட்டிக்குள் புகுந்த நாயை நினைத்துப் பாருங்கள். தொழுவத்தில் ஒரு மருந்துச் சீட்டு எழுதும்போது, அதன் மறுமுனை எங்கே போய் முடியும் என்று யாராலும் முழுதாகக் கணிக்க முடியாது. அதனால்தான் எழுதாமல் விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது.

உடம்புக்கு வரும் ஆபத்துகளைப் பற்றியும் மாணவர்கள் கேட்க வேண்டும். உதையும் முட்டும் சீக்கிரம் பழகிவிடும். பழகக் கூடாதது கன்று ஈனும் நேரத்து வேலை. சின்ன உடம்புக் கிடேரிக்குப் பெரிய இனத்து விந்து போட்டிருப்பார்கள். கன்றின் தலை பின்னோக்கி மடங்கியிருக்கும். ஈரத் தரையில் விலாவில் படுத்துக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விட வேண்டும். மாடு முக்கும்போதெல்லாம் இடுப்பெலும்பு வளையத்துக்கும் கன்றின் மண்டைக்கும் நடுவில் முன்கை நசுங்கும், விரல் மரத்துப்போகும். அந்த முக்கலுக்கும் அடுத்த முக்கலுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் கன்றின் கீழ்த்தாடையைத் தேடிப் பிடித்துக் கயிறு மாட்ட வேண்டும். கன்று உள்ளேயே இறந்திருந்தால் கம்பி ரம்பத்தால் உள்ளுக்குள்ளேயே அறுத்துத் துண்டாக எடுக்க வேண்டும். விடியும்போது தாய் எழுந்து நின்று தவிட்டுத் தண்ணீர் குடித்தால், அதைவிட நிறைவு இந்தத் தொழிலில் வேறில்லை.

கன்று ஈனும்போது வழியும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் புரூசெல்லா கிருமி இருக்கலாம். கையுறையைக் கழற்றினால்தான் விரலுக்குத் தெரிகிறது என்று வெறுங்கையோடு வேலைசெய்தவர்கள் என் தலைமுறையில் நிறைய. பல மாதம் கழித்துச் சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, மூட்டுவலி. டைஃபாய்டு என்றும் காசநோய் என்றும் மாறி மாறி மருந்து சாப்பிட்டு, கடைசியில் ஒருவர் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் புரூசெல்லா என்று தெரியவரும். ஆறு வாரம் இரட்டை மருந்து. கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் போடும் புரூசெல்லா தடுப்பூசியே உயிருள்ள கிருமியால் ஆனது. கன்று துள்ளி ஊசி நம் விரலில் ஏறினால் நோய் நமக்கு வரும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டம் கோமாரியையும் புரூசெல்லாவையும் 2030க்குள் ஒடுக்க நினைக்கிறது. மிக நல்ல திட்டம். அதைத் தோளில் சுமக்கும் தடுப்பூசியாளரின் ரத்தத்தை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது சோதிக்கிறார்களா?

பெண் மருத்துவர்களுக்கு இதன்மேல் இன்னொரு சுமை. இன்று நம் கல்லூரி வகுப்புகளில் அவர்கள் நிறைந்திருக்கிறார்கள், களத்திலும் வெளுத்துக்கட்டுகிறார்கள். “ஆம்பள டாக்டரு இல்லீங்களா?” என்ற கேள்வி ஒருமுறை கன்றை எடுத்துக் காட்டியதும் அடங்கிவிடுகிறது. அடங்காதது வேறு. மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டகிளாண்டின் ஊசி மருந்து தோல்வழியாகவே உடலுக்குள் ஏறும். கர்ப்பிணியின் கையில் சிந்தினால் கரு கலையலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு இழுக்கும். அந்தக் குப்பியைத் தினமும் தொடுகிற பெண், தான் கர்ப்பம் என்று அலுவலகத்தில் சொல்லத் தயங்கி, மூன்று மாதம் தள்ளிப்போடுகிறார். ஏனென்றால் மாற்று வேலை தருவதற்கு அங்கே இன்னொரு மருத்துவர் இல்லை. பல மருந்தகங்களில் கழிப்பறையும் இல்லை. இதைச் சரிசெய்ய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

உயிரை முடித்துவைப்பது பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. முதுகெலும்பு முறிந்த பசு, எழ முடியாமல், படுக்கைப்புண்ணில் புழுவைத்து வாரக்கணக்கில் கிடக்கிறது. 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம் அப்படிப்பட்ட விலங்கின் துன்பத்தை முடிக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர், “அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க, அதாப் போகட்டும்” என்பார். அவருடைய மனம் எனக்குப் புரிகிறது. மாட்டின் கண்ணும் புரிகிறது. நகரத்தில் இதற்கு நேர்மாறு: நல்ல உடம்போடு இருக்கும் நாயைக் கூட்டிவந்து, வெளிநாடு போகிறோம், முடித்துவிடுங்கள் என்பார்கள். ஓரிடத்தில் செய்யலாம் என்று கெஞ்ச வேண்டும், இன்னோரிடத்தில் முடியாது என்று கோபிக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வரலாம். அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு, கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை பொதுமக்களைவிட ஆண்களில் இரண்டு மடங்கும் பெண்களில் மூன்றரை மடங்கும் இருந்ததாகச் சொல்லியது. நம் நாட்டில் இதை எண்ணிப் பார்ப்பதற்கே நாம் இன்னும் உட்காரவில்லை. மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: மனம் தாங்காத நாளில், உங்கள் வகுப்புத் தோழரைக் கூப்பிடுங்கள், மருத்துவரிடம் போங்கள். மாட்டுக்கு அதைத்தானே சொல்கிறோம்.

இவ்வளவையும் மீறி, சேர்ந்து நின்று ‘கூடாது’ என்று சொன்னபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வெக்கை நோய் ஐரோப்பாவின் மாடுகளைக் கொன்று குவித்ததால்தான் 1761இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியது. நம் வேப்பேரிக் கல்லூரி 1903இல் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தடுப்பூசி போட்டோம். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் பதிவானது 1995இல். அதன்பின் செய்ததுதான் கடினமானது: தடுப்பூசியை நிறுத்தினோம். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் எங்காவது நோய் பதுங்கியிருக்கிறதா என்று தெரியாது. ஊசி கேட்ட விவசாயிகளிடம் இனிமேல் கிடையாது என்று சொல்லி, ஒவ்வொரு சந்தையிலும் ஒவ்வொரு பட்டியிலும் கண்காணித்தார்கள் எங்கள் துறையினர். 2006இல் இந்தியா அந்த நோய்த்தொற்று இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது, 2011இல் உலகமே. பெரியம்மைக்குப் பிறகு மனிதகுலம் முழுமையாக ஒழித்த நோய் அது ஒன்றுதான். அன்று மறுத்துச் சொன்ன மருத்துவர் தனியாக இல்லை. அவருக்குப் பின்னால் ஆய்வகமும் ஆணையும் நிதியும் நின்றன.

பறவைக்காய்ச்சல் வந்து அரசு ஆணைப்படி கோழிகளை அழித்தால் இழப்பீடு உண்டு. அதனால் பண்ணையாளருக்கு நோயை மறைக்காமல் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதே காரணத்தை ஒற்றை மாடு வைத்திருக்கும் விதவைக்கும் கொடுங்கள் என்பதே நான் கேட்பது. வெறிநோய் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கையெழுத்திட்டால் பத்து நாளில் அந்தக் குடும்பத்துக்குப் பணம் போய்ச்சேர வேண்டும். மருந்து நாட்களில் கீழே ஊற்றிய பாலுக்குக் கூட்டுறவுச் சங்கமே, மருத்துவரின் சீட்டைப் பார்த்து, பாதி விலையாவது தர வேண்டும். எல்லோருடைய பாலும் சுத்தமாக இருப்பதில் சங்கத்துக்கும் ஆதாயம் உண்டு. அடைப்பானுக்கு ரத்தப்பூச்சே போதுமான சான்று என்று காப்பீட்டு விதிகளில் எழுத வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. இந்த அறக்கட்டளையால் செய்ய முடிந்தது ஒன்றும் இருக்கிறது. வெறிநோய்க்கு முன்கூட்டியே மூன்று தவணை ஊசி போட்டுக்கொள்ளலாம். மருத்துவர்கள் பலர் போட்டுக்கொள்கிறார்கள். மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நிற்கும் கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்கள் பலர் போட்டுக்கொள்வதில்லை. அவர்களை யாரும் அழைப்பதும் இல்லை. அடுத்த ஆண்டு பேச்சாளருக்குக் கொடுக்கும் தொகையை நிறுத்திவிட்டு, இந்த மாவட்டத்து உதவியாளர்கள் அனைவருக்கும் அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள். பேச்சாளர் இலவசமாக வருவார். ஆள் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். எனக்கு இன்றைக்கு அளிக்கும் தொகையை அதற்கு முதல் தவணையாகப் பொருளாளரிடம் இங்கேயே ஒப்படைக்கிறேன்.